திடலில் உணவுத் திருவிழா: முதலில் வரிசைக்கு இடம், பிறகு கடைக்கு

மலேசியாவின் பினாங்கில் பொங்கல் விழா, தீபாவளிச் சந்தை, தமிழ்ப்பள்ளி நிதி திரட்டு என்று எதற்காகத் திடலில் உணவுத் திருவிழா போட்டாலும், ஏற்பாட்டுக் குழுவின் முதல் கூட்டத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை கடை போடலாம்? கடை வாடகைதான் விழாவின் வரவு என்பதால் அந்தக் கேள்வி வருவது இயல்பு. ஆனால் அங்கிருந்து தொடங்கினால் வரைபடம் தவறாகத்தான் முடியும். 10 அடிக்கு 10 அடி என்று கட்டங்களை ஒட்டி ஒட்டி வரைந்துவிட்டு, மிச்சம் இருப்பதை நடைபாதை என்று குறித்துவிடுவார்கள். இரவு எட்டு மணிக்கு அந்த மிச்சத்தில்தான் வரிசை, மேசை, குழந்தை வண்டி, குப்பைத் தொட்டி எல்லாம் வந்து சேரும்.

நான் சொல்லும் முறை நேர் எதிர். முதலில் ஆட்கள் நிற்கும் இடம், நடக்கும் இடம், உட்காரும் இடம், வண்டி போகும் இடம் ஆகியவற்றை வரையுங்கள். அதற்குப் பிறகு எத்தனை கடைக்கு இடம் மிஞ்சுகிறதோ, அதுதான் உங்கள் கடை எண்ணிக்கை.

ஒரே ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 45 விநாடி என்று வைத்தால் மணிக்கு 80 பேருக்குப் பரிமாறலாம். வரிசையில் 15 பேர் நின்றால் கடைசி ஆள் 11 நிமிடம் காத்திருப்பார்; அதற்கு மேல் போனால் பெரும்பாலோர் வேறு கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். ஆகவே கூட்டம் அதிகமுள்ள கடைக்கு 15 பேர் வரிசை என்று கொள்ளலாம். ஒரு ஆளுக்கு 60 சென்டிமீட்டர் என்றால் அந்த வரிசையின் நீளம் 9 மீட்டர். அது கடையிலிருந்து நேராக வெளியே நீண்டால் நடைபாதையைக் குறுக்கே வெட்டி எதிர்க் கடையின் மேசையில் போய் முட்டும். திடலில் நெரிசல் என்று சொல்லப்படுவதில் பாதி இதுதான். மொத்தக் கூட்டம் அதிகமாக இருக்காது. ஒரு மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்) கடையின் வரிசை பாதையை அடைத்திருக்கும், அதைச் சுற்றிப் போக வழி இருக்காது.

அதனால் ஒவ்வொரு கடை வரிசைக்கும் முன்னால் 4 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பட்டையை வரிசைக்கென்றே ஒதுக்க வேண்டும். ஆட்கள் அந்தப் பட்டைக்குள் கடைக்கு இணையாக மடிந்து நிற்க வேண்டும். புல் தரையில் விளையாட்டுப் போட்டிக்குப் போடுவதுபோல் சுண்ணாம்புக் கோடு போட்டாலே போதும். தார்ச் சாலையில் ஒட்டு நாடா. கயிறும் கம்பமும் அதிகக் கூட்டம் வரும் நாலைந்து கடைகளுக்கு மட்டும். எல்லா வரிசைகளும் ஒரே பக்கமாக மடிய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் மடிந்தால் இரண்டின் வாலும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். அப்புறம் யார் எதற்கு நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

இப்படி மடியும் வரிசை பக்கத்துக் கடையின் முகப்பை மறைக்கும். வாடகை கொடுத்தவர் கோபப்படுவது நியாயம்தான். இதற்கு வழி, நீண்ட வரிசை வரும் கடைக்குப் பக்கத்தில் வரிசையே வராத கடையை வைப்பது. முறுக்கு, அதிரசம், பாக்கெட் பலகாரம் விற்பவரிடம் ஆட்கள் நின்று பார்த்து, எடுத்து, போய்விடுவார்கள். காத்திருக்கும் வரிசை அவர் பொருளைப் பார்த்துக்கொண்டே நகரும், அதனால் அவருக்கும் விற்பனை கூடும். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உணவின் வேகம் ஒரே மாதிரி இருக்காது. இடியாப்பம் முன்பே வெந்திருக்கும். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்து மடிக்க 20 விநாடி. அப்பம் அப்படியல்ல, ஒரு சட்டிக்கு மூன்று நிமிடமாவது ஆகும். ஆறு சட்டி இருந்தாலும் நிமிடத்துக்கு இரண்டுதான் வரும், ஒருவரே ஐந்து கேட்டால் வரிசை அப்படியே நின்றுவிடும். மீ கோரேங் ஒரு குவாலிக்கு, அதாவது ஒரு பெரிய வாணலிக்கு, மூன்று நான்கு தட்டாக மொத்தமாக இறங்கும். இந்த மாதிரிக் கடைகளில் சொல்லும் இடத்தையும் வாங்கும் இடத்தையும் பிரித்துவிட வேண்டும். 10 அடி மேசையின் இடக்கோடியில் சொல்லிப் பணம் கட்டி எண் சீட்டு வாங்குவது, வலக்கோடியில் எண் கூப்பிட்டதும் தட்டை எடுப்பது. காத்திருப்பவர் வரிசையில் நிற்காமல் மேசைப் பக்கம் போய்விடலாம். பணம் தொடுகிற கை உணவைத் தொடாமல் இருப்பதும் இதனால் தானாக நடக்கும்.

கைப்பேசியில் பணம் கட்ட உதவும் டூயிட்நவ் கியூஆர் அட்டையை எங்கே மாட்டுகிறோம் என்பதும் இட விஷயம்தான். மேசை மீது ஒரே ஒரு சின்ன அட்டை வைத்தால், ஒருவர் கைப்பேசியை எடுத்து, செயலியைத் திறந்து, தொகையை அடித்து முடிக்கும்வரை பின்னால் உள்ளவர் நிற்க வேண்டும். கூட்ட நேரத்தில் இணையமும் மந்தமாகிவிடும். அதே அட்டையைப் பெரிதாக அச்சடித்து, வரிசையில் மூன்றாவது ஆள் நிற்கும் இடத்தில், கண் மட்டத்தில் விலைப்பட்டியலோடு தொங்கவிடுங்கள். மேசைக்கு வருமுன்பே செயலி திறந்திருக்கும், என்ன வேண்டும் என்ற முடிவும் எடுத்திருப்பார்கள்.

60 மீட்டருக்கு 40 மீட்டர்: ஒரு கணக்கு

சொன்னதை ஒரு திடலில் போட்டுப் பார்ப்போம். 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். இரண்டு நீளப் பக்கங்களிலும் கடைகள், நடுவில் மேசைகள். அகலத்தை இப்படி வெட்டலாம்: ஒரு பக்கம் அவசர வண்டிக்கும் சாமான் இறக்கவும் 4 மீட்டர் பாதை, கடை 3 மீட்டர், வரிசைப் பட்டை 4, நடை 3, மேசைப் பகுதி 13.5, மறுபடி நடை 3, வரிசை 4, கடை 3, கடைக்குப் பின்னால் சந்து 2.5. மொத்தம் 40. அவசரப் பாதை 6 மீட்டர் கேட்கப்பட்டால் மேசைப் பகுதியிலிருந்து எடுங்கள், வரிசைப் பட்டையில் கை வைக்காதீர்கள். அந்த அகலத்தில் கடைசிச் சொல் பொம்பாவுடையது, அதாவது தீயணைப்புத் துறையுடையது; வரைபடத்தை அச்சடிக்கும் முன்பே அவர்களிடமும் மாநகர் கழகத்திடமும் காட்டிவிடுவது நல்லது.

நீளத்தில் இரு முனைகளிலும் வாசலுக்கும் தயங்கி நிற்பவர்களுக்கும் 7 மீட்டர் விட்டுவிடுங்கள். உள்ளே வந்தவுடன் எல்லோரும் நின்று சுற்றிப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் கடை வைத்தால் வாசலே அடைபடும். மீதி 46 மீட்டரில் கடைக்கு 3.5 மீட்டர் வீதம் ஆறு கடை, 4 மீட்டர் இடைவெளி, மறுபடி ஆறு கடை. ஆக ஒரு பக்கத்துக்கு 12, மொத்தம் 24 கடை. இதே திடலில் 40 கடை வரைந்து கொண்டுவருவார்கள். 40 கடைக்கு இடம் இருக்கும், வாங்க வருபவருக்கு இடம் இருக்காது.

24 கடை மணிக்கு 80 தட்டு என்றால் ஏறத்தாழ 1,900 தட்டு. நடுவில் 20 அடிக்கு 20 அடி கூடாரம் பன்னிரண்டு, இரண்டு வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஆறு பேர் உட்காரும் நீள மேசை ஐந்து, ஆக 360 இருக்கை. ஒருவர் 25 நிமிடம் உட்கார்ந்தால் மணிக்கு 860 பேர் உட்கார்ந்து எழலாம். ஒருவர் இரண்டு பொருள் வாங்குவார், சிலர் கட்டிக்கொண்டு போவார்கள் என்பதால் கணக்கு சரியாக வரும். வட்ட மேசையைத் தவிர்க்கச் சொல்வேன். கல்யாண வீட்டுக்கு அது அழகு. உணவு விழாவில் பத்துப் பேர் வட்ட மேசையில் நால்வர் குடும்பம் உட்கார்ந்துவிட்டால் அந்நியர் யாரும் அதில் வந்து உட்கார மாட்டார்கள், ஆறு நாற்காலி வீண். நீள மேசையின் கோடியில் உட்கார யாரும் தயங்குவதில்லை.

வரிசையில் 360, மேசையில் 360, நடையில் சதுர மீட்டருக்கு ஒருவராக 280, முனைகளில் 200. ஆக ஒரே நேரத்தில் 1,200 பேர் வரை இந்தத் திடல் தாங்கும். ஒரு மீட்டர் அகல வாசல் வழியாக நிமிடத்துக்கு 80 பேர் வெளியேற முடியும். 1,200 பேர் ஐந்து நிமிடத்தில் வெளியேற 3 மீட்டர் வேண்டும். தீ ஒரு வாசல் பக்கமே பிடித்தால் அந்த வாசல் இல்லை என்றுதான் கணக்கு. அதனால் எதிரெதிர் முனையில் தலா 4 மீட்டர் வாசல் இரண்டு. வாசலில் பதாகை வளைவு கட்டும்போது அதன் கால்கள் இந்த 4 மீட்டரைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரை எங்கே வைப்பது

பெயர் பெற்ற கடையை வாசலில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை எதிர் முனைக்குத் தள்ளுங்கள். அதைத் தேடிப் போகிறவர் வழியில் பத்துக் கடையைக் கடப்பார். தண்ணீர்க் கடைகளை, அதாவது தே தாரேக், செண்டோல், கரும்புச்சாறு ஆகியவற்றை, ஒரே இடத்தில் குவிக்காமல் நாலு மூலைக்கும் பிரித்து வையுங்கள். காரம் சாப்பிட்டவர் மேசையிலிருந்து எழுந்து பக்கத்திலேயே குடிக்க ஏதாவது கிடைக்க வேண்டும்.

வெயிலையும் கவனியுங்கள். பினாங்கில் சூரியன் மறைவது ஆண்டு முழுக்க ஏறத்தாழ 7 மணிக்கும் 7.45க்கும் இடையில்தான். நாலு மணிக்குத் திறக்கும் விழாவில் மூன்று மணி நேரம் மேற்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கும். திடலின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் கடைகள் வடக்கும் தெற்கும் பார்க்கும், மேசையில் வெயில் விழாது. வேறு வழியில்லாமல் வடக்கு தெற்காக அமைந்தால், மேற்கு பார்த்த கடை வரிசையில் இரவில் சூடுபிடிக்கும் கடைகளை வையுங்கள். கிழக்கு பார்த்த கடை வரிசையில் கூடாரத்தின் நிழல் வரிசையில் நிற்பவர்மேல் விழும். தேங்காய்ப்பால், ஐஸ், இனிப்பு விற்பவர்களுக்கு அந்தப் பக்கம்.

மாலைத் தொழுகைக்கு பாங்கு கேட்கும்போது மேடையும் ஒலிபெருக்கியும் நிற்கும். அந்த இடைவேளை முடிந்து எட்டு மணியளவில் இரண்டாவது அலை கிளம்பும், அதுதான் பெரிது. மேசை துடைப்பதும் குப்பைப் பை மாற்றுவதும் அந்த அரை மணி நேரத்திலேயே நடக்க வேண்டும்.

பினாங்குக் கூட்டம் கலந்த கூட்டம். ஹலால் அல்லாத உணவு இருந்தால் அதற்குத் தனி மூலை, தனி மேசை, தனிக் கைகழுவும் தொட்டி, தனிக் குப்பை. எல்லை தெளிவாகத் தெரிய வேண்டும். சைவக் கடைகளை ஒன்றாகச் சேர்த்து, சாத்தே (குச்சியில் குத்திய இறைச்சி) சுடும் புகையும் கொழுப்புத் தெறிப்பும் எட்டாத பக்கம் கொடுங்கள். மாட்டிறைச்சி விற்கும் கடையின் முகப்பில் அதைப் பெரிதாக எழுதிவிட்டால் வரிசையில் நின்றபின் விலகுவோர் இருக்க மாட்டார்கள். புகைபிடிப்பதற்கு உணவுப் பகுதியில் இடமே இல்லை; 2019 ஜனவரி முதல் திறந்தவெளிச் சாப்பாட்டு இடங்களுக்கும் இந்தத் தடை உண்டு. புகைபிடிப்பவர்கள் நிற்குமிடம் வேலிக்கு வெளியே, வாசலை விட்டுத் தள்ளி.

நெருப்பும் காற்றும்

கடலோரத் திடல் என்றால் பகலில் காற்று கடலிலிருந்து வரும், இரவில் திரும்பும், நடுவில் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். ஜார்ஜ் டவுனின் கடலோரத் திடலான பாடாங் கோத்தா லாமாவில் கடல் வடக்கே இருக்கிறது. மாலையில் வடக்கு வரிசையின் நடுவில் கரி அடுப்பு இருந்தால் புகை முழுக்க மேசைப் பகுதிக்குள் வரும். தெற்கு வரிசைக்கு மாற்றினால் இரவில் அதே கதை. கரி அடுப்புக் கடைகளை வரிசையின் கோடிகளில் வைத்தால் காற்று எப்படித் திரும்பினாலும் புகை பெரும்பாலும் மேசைகளை விட்டு வெளியே போகும்.

கேஸ் தோம்பு (சிலிண்டர்) நிமிர்ந்து, கடைக்குப் பின்னால், கூடாரத் துணிக்கு வெளியே நிற்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே திறந்த வடிகாலுக்குப் பக்கத்தில் தோம்பை நிறுத்தக் கூடாது. குவாலி அடுப்புக்கு உயர் அழுத்த ரெகுலேட்டர் போடுபவர் அதற்கேற்ற குழாயையும் போட்டிருக்கிறாரா என்று ஒவ்வொரு கடையாகப் பாருங்கள். வீட்டு அடுப்புக் குழாயை அதில் மாட்டினால் இணைப்பு பிடுங்கிக்கொண்டு வரும். மாற்றுத் தோம்புகள் எந்தக் கடையிலும் இருக்கக் கூடாது. சாமான் பாதையின் ஓரத்தில் ஒரே கூண்டு போதும். அடுப்புள்ள கடைக்கு 9 கிலோ தூள் தீயணைப்பான் ஒன்றும் தீப்போர்வை ஒன்றும் வேண்டும். எண்ணெய்ச் சட்டி மேசை விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, முன்னால் தெறிப்புத் தகரம். ஆறு கடைக்கு ஒரு 4 மீட்டர் இடைவெளி விட்டோமே, தீ அடுத்த தொகுதிக்குத் தாவாமல் தடுப்பதும் அதுதான். விழா தொடங்கியபின் அந்த இடைவெளியில் பலூன் கடை வந்து உட்காரும், விடாதீர்கள்.

மழை

பொங்கலுக்குப் போட்ட வரைபடத்தைத் தீபாவளிக்கு அப்படியே எடுக்க முடியாது. ஜனவரி பினாங்கின் வறண்ட காலம். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் நல்ல மழைக் காலம், அதுவும் பிற்பகலிலும் மாலையிலும் இடியோடு கொட்டும்.

ஒரு மணி நேரத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 20 அடிக்கு 20 அடி கூடாரத்தின் கூரையிலிருந்து மட்டும் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். இரண்டு கூடாரம் ஒட்டும் இடத்தில் பீலி இல்லையென்றால் அவ்வளவும் மேசைமேல்தான். பீலியைப் போட்டால் மட்டும் போதாது, அதன் வாய் திடலின் தாழ்ந்த பக்கத்தைப் பார்க்க வேண்டும். தாழ்ந்த பக்கம் எது என்பதை மழை பெய்த மறுநாள் போய்ப் பார்த்தாலே தெரியும். ஜெனரேட்டர், மின் பெட்டி, வாசல் மூன்றும் மேட்டுப் பக்கம். புல் மிதிபட்டுச் சேறாகும் முதல் இடங்கள் வாசலும் வரிசைப் பட்டையும்தான், அங்கே ரப்பர் விரிப்பு அல்லது ஒட்டுப்பலகை விரியுங்கள்.

ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. அங்கே நினைத்த இடத்தில் ஆணி அடிக்க முடியாது, தரைக்கு அடியில் மின் கம்பியும் இருக்கலாம். ஆணிக்குப் பதில் எடை. சின்னக் கூடாரத்துக்கு ஒரு காலுக்கு 25 முதல் 30 கிலோவாவது வேண்டும், பெரியதற்குத் தண்ணீர் பீப்பாய் அல்லது கான்கிரீட் கட்டி. இரண்டு நாள் விழா என்றால் முதல் இரவு மூடும்போது பக்கத் துணிகளைக் கழற்றிவிடுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் பலத்த காற்று பெரும்பாலும் விடியற்காலையில்தான் அடிக்கும், அப்போது திடலில் ஆள் இருக்காது. பக்கத் துணியோடு நிற்கும் கூடாரம் அந்தக் காற்றில் பாய்மரம்.

மின்சாரம்

கடைக்கு 1.5 கிலோவாட் என்று வரம்பு வையுங்கள். 24 கடைக்கு 36 கிலோவாட். 60 கேவிஏ ஜெனரேட்டர் 48 கிலோவாட் வரை தரும், ஆனால் முக்கால் பாரத்தில் ஓட்டுவதே பாதுகாப்பு, அதாவது 36. விளக்குக்கும் மேடைக்கும் தனி ஜெனரேட்டர். மூன்று கிலோவாட் தண்ணீர் கொதிப்பான் ஒன்றை யாராவது சொல்லாமல் கொண்டுவந்து செருகினால் அந்தத் தொகுதியே அணையும். ஆகவே விண்ணப்பப் படிவத்திலேயே எந்தெந்தக் கருவி, எத்தனை வாட் என்று எழுதி வாங்குங்கள். 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் மூன்று நான்கு கடைக்கு ஒன்று. வரிசை முழுவதற்கும் ஒன்றே ஒன்று போட்டால் மழையில் ஒரு செருகி நனைந்ததும் பன்னிரண்டு கடையும் இருட்டாகிவிடும். சுருள் கம்பியை முழுவதும் அவிழ்த்தபின்தான் பயன்படுத்த வேண்டும். சுற்றிய நிலையில் சூடேறி உருகும். கம்பி எல்லாம் கடைகளுக்குப் பின்னால் ஓடட்டும், நடைபாதையைக் கடக்க வேண்டாம்.

கையும் குப்பையும்

வெளியூர் விழா வழிகாட்டிகளில் கைகழுவும் தொட்டி என்றால் கழிப்பறைக்கு வெளியே இரண்டு குழாய். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். 50 இருக்கைக்கு ஒரு குழாய் என்றால் 360 இருக்கைக்கு ஏழெட்டு. இவற்றை மேசைப் பகுதியின் இரு கோடிகளிலும் வையுங்கள், கடைக்கும் மேசைக்கும் நடுவில் வைத்தால் தட்டேந்தி வருபவரும் ஈரக்கையோடு போகிறவரும் மோதிக்கொள்வார்கள். எழுந்து போகும் வழியில் முதலில் குப்பைத் தொட்டி, பிறகு குழாய், பிறகு வெளியேறும் பாதை என்ற ஒழுங்கு இருந்தால் மேசையில் இலையும் தட்டும் மிஞ்சுவது வெகுவாகக் குறையும். கழுவிய நீர் பீப்பாயில் விழ வேண்டும், புல்லில் அல்ல.

குப்பைக்கு ஒரு வேளை உணவுக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு வையுங்கள். 6,000 தட்டு விற்றால் 6,000 லிட்டர், 240 லிட்டர் தொட்டி 25. வாழையிலை கனம் குறைவு, இடம் அதிகம் பிடிக்கும். இலைச் சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் இரண்டு கூட வையுங்கள். ஒவ்வொரு தொட்டிக் கூட்டத்துக்கும் பக்கத்தில் வடிகட்டி போட்ட ஒரு வாளி வைத்து மிச்சத் தண்ணீரையும் ஐஸையும் அதில் ஊற்றச் சொன்னால் பை ஒழுகாது, தூக்கும்போது கிழியாது. பழைய எண்ணெய் ஆறியபின் தகர டின்னில் ஊற்றித் திரும்ப எடுத்துப் போக வேண்டும். வடிகாலில் ஊற்றியது யார் என்று பிறகு தேட முடியாது, அதனால் கடைக்கு வைப்புத் தொகை வாங்கிக்கொண்டு, டின்னைக் காட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

கழிப்பறை உணவிலிருந்து 20 மீட்டராவது தள்ளி, வெளிச்சத்தோடு, பெண்களுக்கு ஆண்களைவிட இரு மடங்கு. மேடையைக் கிழக்கு முனையில் வைத்தால் பார்ப்பவர் கண்ணில் மாலை வெயில் படாது. ஒலிபெருக்கி கடைகளை நோக்கிப் பேசக் கூடாது, வாங்குபவர் சொல்வது கடைக்காரர் காதில் விழ வேண்டும்.

வண்டிகள்

காலையில் தூரக் கோடியில் உள்ள கடைகள் முதலில் உள்ளே வர வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில் உள்ளவர் கடைசி. திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு எல்லா வண்டியும் வெளியே. ஆபத்தான நேரம் மூடும் நேரம். விற்பனை முடிந்ததும் களைத்துப்போன கடைக்காரர் வேனைப் பின்னோக்கி உள்ளே விடுவார், திடலில் இன்னும் குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும். விற்பனை நிறுத்தம் 10.30, விளக்கை முழு வெளிச்சத்தில் விட்டு இசையை நிறுத்துவது 10.45, ஆள் இல்லை என்று இரண்டு பேர் நடந்து பார்த்தபின் 11.15க்குச் சாமான் பாதையின் சங்கிலி திறப்பு. அதற்கு முன் தோம்புகளை மூடிக் கழற்றியாயிற்றா என்று ஒருவர், கரி முழுவதும் தண்ணீரில் அணைந்ததா என்று இன்னொருவர். சூட்டோடு கரியைக் குப்பைப் பையில் போட்டால் நள்ளிரவில் தொட்டி எரியும். அதனால் கரிக்கு மட்டும் மூடியுள்ள இரும்புப் பீப்பாய் ஒன்று அந்தப் பாதையின் வாயிலேயே நிற்க வேண்டும்.